2.3 என்றால் நோயா?

1984ஆம் ஆண்டு ஜெர்மனியில் எங்பெர்டிங், பெண்டர் என்ற இரு மருத்துவர்கள் 33 வயதுப் பெண் ஒருவரின் இதயத்தை எக்கோ கருவியில் பார்த்தார்கள். உடலெங்கும் இரத்தத்தைத் தள்ளுகிற இடது கீழறையின் சுவர் அவருக்கு வழக்கம்போல் இல்லை. வெளிப்பக்கம் கெட்டியான தசை இருந்தது. ஆனால் மெல்லியதாக இருந்தது. உட்பக்கம் முழுக்கத் தசைத் திரிகள். திரிகளுக்கு இடையே ஆழமான இடுக்குகள். அந்த இடுக்குகளுக்குள் இரத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் தோலை உரித்தால் உள்ளே ஒரு கூடு தெரியுமே, ஏறக்குறைய அந்த அமைப்பு.

இப்படிப்பட்ட சுவரை மருத்துவ உலகம் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறது. 1932இல் பெல்லெட், கூலி என்ற இருவர் ஒரு சிசுவின் பிரேதப் பரிசோதனையில் இதே மாதிரியான தசையைக் கண்டு எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தச் சிசுவுக்கு மகாதமனியின் வாயே அடைபட்டிருந்தது. வெளியேற வழியில்லாத இரத்தம் சுவரை அப்படி ஆக்கியிருக்கலாம் என்று விளக்கம் சொல்லிவிட முடிந்தது. 1984இல் வந்த பெண்ணுக்கு வால்வில் குறையில்லை, அறைகளுக்கு நடுவே ஓட்டை இல்லை, அடைப்பும் இல்லை. சுவர் மட்டுமே வேறாக இருந்தது. அவர் 33 வயதுவரை உயிரோடும் இருந்தார்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1990இல், லாஸ் ஏஞ்சலிஸில் தாமஸ் சின்னும் அவருடைய சகாக்களும் இத்தகைய எட்டுப் பேரின் கதையைச் ‘சர்க்குலேஷன்’ இதழில் வெளியிட்டார்கள். மிகச் சிறியவருக்கு வயது 11 மாதம், மூத்தவருக்கு இருபத்திரண்டரை. எட்டுப் பேரில் ஐவருக்கு இதயம் சுருங்கும் வலிமை குறைந்திருந்தது. ஐவருக்குக் கீழறையிலிருந்து தாறுமாறான துடிப்பு. மூவருக்கு இரத்தக்கட்டி உடைந்து வேறு உறுப்புக்குப் போயிருந்தது. நால்வர் விஷயத்தில் குடும்பத்திலும் இது இருந்தது. இதயச் செயலிழப்பு, துடிப்புக் கோளாறு, இரத்தக்கட்டி என்று இன்றும் பாடப்புத்தகங்களில் சேர்த்துச் சொல்லப்படும் மூன்றும் அந்த எட்டுப் பேரிடமே தெரிந்துவிட்டன. ‘நான்-காம்பாக்‌ஷன்’, அதாவது கெட்டிப்படாமை என்ற பெயரும் அந்தக் கட்டுரையோடுதான் நிலைத்தது. மருத்துவமனைகளில் சுருக்கமாக எல்.வி.என்.சி. என்பார்கள்.

பெயருக்குப் பின்னால் கருவியல் சொன்ன ஒரு கதை இருக்கிறது. கருவில் இதயம் துடிக்கத் தொடங்குவது நான்காவது வாரத்தில். அப்போது இதயத்துக்கென்று தனி இரத்தக் குழாய்கள் கிடையாது. தன் வழியே ஓடும் இரத்தத்திலிருந்துதான் தசை தனக்கு வேண்டிய ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள வேண்டும். சுவர் கெட்டியாக இருந்தால் உட்புறத் தசைக்கு மட்டும்தான் அது எட்டும். திரிதிரியாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொரு திரியையும் இரத்தம் சுற்றி நனைக்கும். தவளைக்கும் பல மீன்களுக்கும் வாழ்நாள் முழுக்க இதயத்தின் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது. அவை அதை ஒரு குறையாக நினைப்பதாகத் தெரியவில்லை. மனிதக் கருவில் ஐந்தாவது முதல் எட்டாவது வாரத்துக்குள் இதயத்துக்கே உரிய கரோனரிக் குழாய்கள் உருவாகின்றன. அதே சமயம் திரிகள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகிக் கெட்டிச் சுவராகின்றன. அடிப்பாகத்தில் தொடங்கி நுனியை நோக்கி இந்த வேலை நடக்கிறது. நடுவில் அது நின்றுபோனால் நுனிப்பக்கம் திரியாகவே தங்கிவிடும். நோயாளிகளிடம் திரிகள் நுனியிலும் பக்கச் சுவரிலும்தான் மிகுதி என்பதால் கதை கச்சிதமாகப் பொருந்தியது. இந்தக் கச்சிதத்தைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளில் இது அபூர்வமான நோய் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. சூரிச் மருத்துவர்கள் 1997இல் தங்கள் கணக்கை வெளியிட்டார்கள்: 37,555 எக்கோ பரிசோதனைகளில் 17 பேர். அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் இன்னதென்று தெரிய சராசரியாக மூன்றரை ஆண்டுகள் பிடித்திருந்தன. அதுவரை ‘இதயம் வீங்கியிருக்கிறது’, ‘நுனித் தசை தடித்திருக்கிறது’ என்று வேறு வேறு பெயர்களோடு அவர்கள் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 2000இல் அதே ஊரிலிருந்து வந்த அறிக்கை இன்னும் கலவரமூட்டியது. பின்தொடரப்பட்ட 34 பேரில் 12 பேர் சராசரியாக நான்கு ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். நான்கு பேருக்கு மாற்று இதயம் பொருத்த வேண்டி வந்தது.

இந்த எண்களைப் படித்த எந்த மருத்துவரும் இனி ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது என்றுதான் நினைப்பார். தவறவிடாமல் இருக்க அளவுகோல் வேண்டும். 2001இல் சூரிச்சின் ரோல்ஃப் யென்னி ஒன்றைக் கொடுத்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஓர் எக்கோ அறைக்குள் போவோம்.

“ஐயா, இடது பக்கமாத் திரும்பிப் படுங்க. இடது கையைத் தலைக்கு மேல வெச்சுக்குங்க. ஜெல்லு கொஞ்சம் சில்லுனு இருக்கும்.” டெக்னீஷியன் விலா எலும்புகளுக்கு இடையே ஓர் இடுக்கைத் தேடுகிறார். ஒலியலை எலும்பையும் தாண்டாது, காற்று நிறைந்த நுரையீரலையும் தாண்டாது. இடது பக்கம் சாய்ந்து படுத்தால் இதயம் மார்புச் சுவரை ஒட்டி வரும். நுரையீரல் சற்று விலகும். “மூச்சை மெதுவா விடுங்க... அப்படியே நிறுத்துங்க ஐயா.” அந்த நாலைந்து நொடிகளில் கிடைப்பதுதான் படம். இதயத்தைக் குறுக்காக வெட்டியது போன்ற வட்டம் திரையில் வருகிறது. அடியிலிருந்து நுனிவரை மூன்று மட்டங்களில் அப்படி வெட்டிப் பார்க்கிறார். ஈ.சி.ஜி. கோட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இதயம் முழுக்கச் சுருங்கி முடித்த சட்டத்தில் படத்தை நிறுத்துகிறார். சுவரில் இரண்டு அடுக்கு தெரிகிறதா என்று பார்க்கிறார். தெரிந்தால் வெளி அடுக்கை ஒரு கோடு, உள் அடுக்கை ஒரு கோடு. உள் அடுக்கு வெளி அடுக்கைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் முதல் நிபந்தனை தேறியது. பிறகு வண்ண டாப்ளரை இயக்கி, வேக அளவைக் குறைக்கிறார். இடுக்குகளுக்குள் இரத்தம் மெதுவாகத்தான் நகரும்; வழக்கமான அளவில் அது வண்ணமாகத் தெரியாது. குறைத்ததும் இடுக்குகளில் சிவப்பும் நீலமும் ஏறி இறங்கினால், இரத்தம் அறையிலிருந்தே உள்ளே வருகிறது என்று அர்த்தம். இதயத்தில் வேறு பிறவிக் குறை எதுவும் இருக்கக் கூடாது என்பதும் யென்னியின் நிபந்தனைகளில் ஒன்று.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால் சிக்கல்கள் வரிசைகட்டி நிற்கும். திரிகள் மிகுந்திருக்கும் நுனி, கருவியின் தலைக்கு நேர் கீழே வருகிறது. கருவிக்கு மிக அருகில் இருக்கும் சில சென்டிமீட்டர்கள்தான் எக்கோவில் எப்போதும் மங்கல். பார்க்க வேண்டிய இடம் எதுவோ அதுவே சரியாகத் தெரியாது. கருவியைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் வெட்டு சாய்ந்து, திரிப்பகுதி உண்மையைவிடத் தடிமனாகத் தோன்றும். அறையின் குறுக்கே நரம்புபோல் ஓடும் வெறும் நாண் ஒன்றையும் சிலர் திரிக் கணக்கில் சேர்த்துவிடுவதுண்டு. நுனியில் ஒட்டியிருக்கும் பழைய இரத்தக்கட்டி, நுனித் தசை மட்டும் தடிக்கும் மரபுநோய் இரண்டும் இதேபோல் ஏமாற்றக்கூடியவை. கேரளத்தில் ஒரு காலத்தில் மிகுதியாகக் காணப்பட்ட எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் நோயிலும் கீழறையின் நுனி அடைபட்டுத் தெரியும். ஐயமிருந்தால் நுண்குமிழிகள் கொண்ட மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். குமிழிகள் இடுக்குக்குள் நிறைந்தால் திரித்தசை. நிறையாமல் கறுப்பாகவே நின்றால் கட்டியாக இருக்கலாம்.

எம்.ஆர்.ஐ. வந்ததும் மங்கல் தீர்ந்தது. இதயத்தை எந்தக் கோணத்திலும், எலும்பின் தடையில்லாமல், தெளிவாகப் பார்க்கலாம். 2005இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்டெஃபன் பீட்டர்சன் குழு புதிய எல்லைக்கோட்டை வகுத்தது. இதயம் முழுக்க விரிந்த நிலையில் அளந்து, திரிப்பகுதி கெட்டிப்பகுதியைவிட 2.3 மடங்குக்கு மேல் இருந்தால் நோய் என்று கொள்ளலாம். நோயுள்ளவர்களில் 86 சதவீதத்தினரை அது பிடித்தது. இல்லாதவர்களில் 99 சதவீதத்தினரைச் சரியாக விட்டது. உலகெங்கும் கதிரியல் துறைகள் அந்த எண்ணை எடுத்துக்கொண்டன.

அந்த ஆய்வில் நோயாளிகள் எத்தனை பேர் தெரியுமா? ஏழு. ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்டவர்கள் 170 பேர்: ஆரோக்கியமானவர்கள், விளையாட்டு வீரர்கள், உயர் இரத்த அழுத்தக்காரர்கள், வேறு இதய நோய்க்காரர்கள். ஆராய்ச்சியாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. அபூர்வமான நோய்க்கு ஏழு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. ஆனால் ஏழு பேரைக் கொண்டு வகுத்த கோட்டை வைத்து ஊரையே அளக்கப் புறப்பட்டதில்தான் பிரச்சினை தொடங்கியது.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் பேரில் பத்துப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பரிசோதனை அவர்களில் எட்டு அல்லது ஒன்பது பேரைப் பிடிக்கும். மீதி 9,990 பேரில் ஒரு சதவீதம் தவறாகச் சிக்கினாலும் நூறு பேர். ஆக, ‘நோய் உண்டு’ என்ற அறிக்கையோடு வெளியே வரும் நூற்றுச் சொச்சம் பேரில் பத்தில் ஒருவருக்குக்கூட நோய் இல்லை. 99 சதவீதத் துல்லியத்தோடே இந்த லட்சணம். துல்லியம் உண்மையில் அந்த அளவுக்கு இல்லை என்பது பிறகு தெரியவந்தது.

முதல் மணி 2008இல் அடித்தது. லண்டனில் கோலி என்ற மருத்துவரும் சகாக்களும் இதயச் செயலிழப்புக்காக வந்த 199 பேரிடம், அப்போது புழக்கத்தில் இருந்த மூன்று எக்கோ அளவுகோல்களையும் வைத்துப் பார்த்தார்கள். 47 பேர் ஏதாவது ஒன்றில் தேறினார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர். அபூர்வ நோய் எப்படி நான்கில் ஒருவருக்கு இருக்கும்? அந்த 47 பேரிலும் மூன்று அளவுகோல்களும் ஒப்புக்கொண்டது 30 சதவீதத்துக்கும் குறைவானோரைத்தான். சின்னின் அளவு இதயம் விரிந்த நிலையில், யென்னியின் அளவு சுருங்கிய நிலையில், வியன்னாவில் வகுக்கப்பட்ட மூன்றாவது அளவு திரிகளை எண்ணுவது. ஒரே இதயம் ஒரு மேசையில் நோயாளி, அடுத்த மேசையில் சுகவாசி. ஒப்பீட்டுக்கு வைத்திருந்த ஆரோக்கியமானவர்களில் 8 சதவீதம் பேரும் நோயாளிக் கணக்கில் விழுந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

அடுத்து விளையாட்டு வீரர்கள். 2013இல் லண்டனில் சபிஹா காட்டி, சஞ்சய் சர்மா குழு 1,146 வீரர்களைப் பரிசோதித்தது. 18.3 சதவீதம் பேருக்குத் திரிகள் மிகுந்திருந்தன. விளையாடாதவர்களில் 7 சதவீதம். வீரர்களில் 8.1 சதவீதம் பேர் நோய்க்கான அளவுகோலைத் தாண்டியிருந்தார்கள். அளவுகோலை அப்படியே நம்பினால் அவர்களையெல்லாம் மைதானத்தை விட்டு வெளியேற்ற வேண்டியதுதான். சுருங்கும் வலிமை குறைவு, ஈ.சி.ஜி. மாற்றம் போன்ற வேறு தடயங்களும் சேர்ந்திருந்தவர்கள் பத்துப் பேர் மட்டுமே.

அதற்கடுத்து வந்த ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதே குழு, முதல் முறை கருத்தரித்த 102 பெண்களைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்தது. கர்ப்பம் முற்ற முற்ற நான்கில் ஒருவருக்குத் திரிகள் புதிதாகத் தென்பட்டன. எட்டுப் பேர் நோய்க்கான வரம்பையே கடந்தார்கள். பிரசவமாகி இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலோருக்கு அவை மறைந்துபோயின. கருவில் ஐந்தாம் வாரம் முதல் எட்டாம் வாரத்துக்குள் முடிந்துபோன கோளாறு என்று சொல்லப்பட்ட ஒன்று, வளர்ந்த பெண்ணின் இதயத்தில் சில மாதங்களில் வந்து, பிரசவத்துக்குப் பின் போகிறது! கூடுதல் இரத்தத்தைத் தாங்கும்போது அறை விரிகிறது. அதுவரை சுருண்டு கிடந்த திரிகள் பிரிந்து கண்ணுக்குத் தெரிகின்றன என்பதே நியாயமான விளக்கம்.

கடைசி அடி அமெரிக்காவிலிருந்து வந்தது. இதய நோய் இல்லாத பல்லின மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ‘மெசா’ என்ற பெரிய ஆய்வில் 2,742 பேரின் எம்.ஆர்.ஐ. படங்கள் இருந்தன. 2014இல் அவற்றை எடுத்து அளந்தபோது 25.7 சதவீதம் பேர் 2.3ஐத் தாண்டியிருந்தார்கள். ஒன்பதரை ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களுடைய இதயம் பெரிதாகவும் இல்லை, வலுவிழக்கவும் இல்லை. நம் பத்தாயிரம் பேர் கணக்கில் வைத்தால் பத்து நோயாளிகளைத் தேடப்போய் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்குச் சீட்டு எழுதிக்கொடுத்திருப்போம்.

கருவியலின் கச்சிதமான கதையும் இந்தக் காலத்திலேயே ஆட்டம் காணத் தொடங்கியது. மனிதக் கருவின் இதயங்களை வாரவாரியாக அளந்த ஆய்வாளர்களுக்குத் திரிகள் இறுகிச் சுவரோடு ஒட்டுவதற்கான தடயம் கிடைக்கவில்லை. திரிகள் தம் போக்கில் வளர்கின்றன. கெட்டிச் சுவர் அவற்றைவிடப் பலமடங்கு வேகமாக வளர்ந்து தடிக்கிறது. ஆகவே திரிகளின் பங்கு சிறுத்துப்போகிறது. 2021இல் இந்த அளவீடுகள் வெளிவந்தன. இது சரியென்றால் ‘கெட்டிப்படாமை’ என்ற பெயரே நடக்காத ஒரு நிகழ்வைக் குறிக்கிறது. எனக்கு இந்த ஆய்வுகளின் வாதம் வலுவாகவே படுகிறது.

திரிகள் வெறும் மிச்சமும் அல்ல. லியொனார்டோ டா வின்சி அவற்றை வரைந்து, எதற்காக இருக்கின்றன என்று யோசித்திருக்கிறார். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 2020இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு பிரிட்டனின் பயோபேங்க் திட்டத்தைச் சேர்ந்த 18,096 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களில் திரிகளின் கிளைப்பின்னலைக் கணினியால் அளந்தது. பின்னலின் சிக்கலுக்கும் மரபணுத் தொகுதியில் 16 இடங்களுக்கும் தொடர்பு இருந்தது. கணினி மாதிரியில் சுவரை வழவழப்பாக்கிப் பார்த்தபோது இதயம் தள்ளும் திறன் குறைந்தது. எல்லோருக்கும் திரிகள் உண்டு, வேண்டும். எவ்வளவு என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு.

அப்படியானால் எல்.வி.என்.சி. என்று ஒன்று இல்லையா? 1990இல் சின் பார்த்த எட்டுப் பேரும், சூரிச்சில் இறந்த பன்னிரண்டு பேரும் கற்பனை இல்லையே. அவர்களுக்கு இதயத்தசை நோய் இருந்தது; அதில் ஐயமில்லை. சர்ச்சை எல்லாம் திரி அந்த நோய்க்குக் காரணமா, துணையா, வெறும் சாட்சியா என்பதில்தான். 2006இல் அமெரிக்க இதயச் சங்கம் இதை மரபுவழி இதயத்தசை நோய்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. 2008இல் ஐரோப்பியச் சங்கம் ‘வகைப்படுத்தாதவை’ என்ற அறையில் வைத்தது. 2023இல் ஐரோப்பியர்கள் இன்னும் ஒரு படி போய், இதைத் தனி இதயத்தசை நோயாகவே கொள்ள வேண்டாம், ‘மிகைத் திரித்தன்மை’ என்று ஒரு தோற்றமாக மட்டும் குறிப்பிடுங்கள் என்றார்கள். அதே ஆண்டில் அதே நோக்கில் நிபுணர் குழுவின் அறிக்கை ஒன்றும் வந்தது. அதை எழுதியவர்களில் 2.3ஐத் தந்த பீட்டர்சனும் ஒருவர். அறிவியலில் இப்படி நடப்பது கொஞ்சம் ஆறுதலான விஷயம்.

ஆக, இன்று கெட்டிக்கார மருத்துவர் ஒருவர் திரிகள் மண்டிய படத்தைப் பார்த்ததும் மடங்கை அளப்பதோடு நிற்பதில்லை. முதலில் பார்ப்பது, சுவர் எவ்வளவு நன்றாகச் சுருங்குகிறது என்பதை. ஒரு துடிப்பில் அறையிலிருக்கும் இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியேறினால் நல்லது. 35 சதவீதம்தான் என்றால் திரிகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் நோயாளி. கெட்டிப்பகுதி மிக மெலிந்திருக்கிறதா என்பது அடுத்தது. இரண்டு அடுக்கையும் வகுத்துக் கிடைக்கும் மடங்கைவிட, பாரத்தைச் சுமக்கிற அந்த ஓர் அடுக்கின் தடிமன் நிறையச் சொல்லும். எம்.ஆர்.ஐ.யில் கடோலினியம் என்ற சாயமருந்தை ஏற்றியபின் தசையில் வடுக்கள் வெண்மையாக ஒளிர்ந்தால் கவலைப்பட வேண்டும். ஈ.சி.ஜி. பெரும்பாலான உண்மை நோயாளிகளிடம் ஏதோ ஒரு வகையில் மாறியே இருக்கும். ஆனால் இன்னதுதான் என்று சுட்டும் முத்திரை ஏதும் அதில் கிடையாது. பெரியவர்களிடம் இடப்பக்க மின்கிளை அடைப்பைப் பார்க்கலாம். குழந்தைகளிடம் மின்சாரம் குறுக்கு வழியில் பாயும் டபிள்யூ.பி.டபிள்யூ. அமைப்பு இருப்பதுண்டு. 24 மணி நேர ஹோல்டர் பதிவில் கீழறைத் துடிப்புகள் தொடராக ஓடினால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இவற்றில் எதற்கும் குறையாத கருவி ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும். மூன்று தலைமுறைக் குடும்ப மரத்தை வரையும்போது வெளிவரும் செய்திகளை எந்த எந்திரமும் தராது. “உங்க சித்தப்பா எப்படிம்மா தவறினாரு?” என்று கேட்டால், “கிணத்துல குளிக்கப் போனவர்தாங்க, நீச்சல் நல்லாத் தெரியும்” என்று பதில் வரும். நீச்சல் தெரிந்தவர் முப்பது வயதில் மூழ்கிப்போனார் என்றால் மருத்துவர் அவருக்கான சதுரத்தைக் கறுப்பு மையால் நிரப்பி, பக்கத்தில் கேள்விக்குறி போடுவார். தூக்கத்தில் போனவர்கள், ‘வலிப்பு’ என்று சொல்லப்பட்டவர்கள், சின்ன வயதிலேயே பக்கவாதம் வந்தவர்கள், காரணம் தெரியாமல் தொட்டிலிலேயே போன ஆண் குழந்தைகள் எல்லாம் அந்த மரத்தில் அர்த்தம் பெறுகிறார்கள்.

மரபணுப் பரிசோதனை இந்த மரத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகிறது. இங்கு அகப்படும் மரபணுக்களில் முக்கியமானவை தசை சுருங்குவதற்கான புரதங்களைத் தயாரிப்பவை: எம்.ஒய்.எச்.7, எம்.ஒய்.பி.பி.சி.3, டைட்டின். தசை தடிக்கும் நோயிலும், அறை வீங்கும் நோயிலும் இதே மரபணுக்கள்தாம் குற்றவாளிகள். ஒரே குடும்பத்தில் ஒரே பிழையோடு அண்ணனுக்குத் தசை தடித்தும் தங்கைக்குத் திரி மண்டியும் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பியர்கள் இதைத் தனி நோய் அல்ல என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இவற்றில் எம்.ஒய்.பி.பி.சி.3 நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. அதில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வடிவம் இந்தியத் துணைக்கண்டத்தில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இருப்பதையும், இதயத்தசை நோயோடு அதற்குத் தொடர்பு இருப்பதையும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணியும் பல நாட்டுச் சகாக்களும் 2009இல் காட்டினார்கள். அந்தப் பிழை தனியாக எவ்வளவு தீங்கு செய்யும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் மேலும் நுணுக்கிப் பார்த்துவருகின்றன. இருக்கிறது என்பதாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிடுவதில்லை.

இத்தனையும் பெரியவர்களைப் பற்றியது. குழந்தை மருத்துவரிடம் போனால் பேச்சின் தொனியே மாறும். பிறந்த சில மாதங்களில் பால் குடிக்கும்போதே வியர்த்துக் கொட்டி, இரண்டு வாய் குடித்ததும் களைத்துத் தூங்கி, எடை ஏறாமல் இருக்கிற குழந்தையின் எக்கோவில் திரிகள் தெரிந்தால் அதை யாரும் ‘இயல்பான வேறுபாடு’ என்று ஒதுக்குவதில்லை. ஆஸ்திரேலியாவில் குழந்தைகளின் இதயத்தசை நோய்களைத் திரட்டிப் பார்த்தபோது இவ்வகை 9 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தது. இங்குதான் ‘பிறவி’ என்ற சொல் முழுப் பொருளோடு நிற்கிறது. திரிகளுக்குப் பின்னால் வேறொரு நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதும் இங்கேதான் அவசியம்.

பார்த் நோய் அதற்கு நல்ல உதாரணம். 1983இல் நெதர்லாந்தின் பீட்டர் பார்த், ஒரு குடும்பத்தில் ஆண் குழந்தைகள் மட்டும் இதயம் தளர்ந்தும், நோய்த்தொற்று மீண்டும் மீண்டும் வந்தும் இறப்பதை விவரித்தார். பிழை எக்ஸ் குரோமோசோமில். தாய் சுமப்பார், மகனுக்கு நோய் வரும். செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்குக் கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு தேவை. அதைச் செப்பனிடும் டஃபாசின் என்ற நொதி இவர்களிடம் பழுது. ஓயாமல் வேலை செய்யும் இதயத்தசைதான் முதலில் அடிபடுகிறது. இடது கீழறையில் திரிகளும் பெரும்பாலும் உண்டு. எக்கோவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ‘எல்.வி.என்.சி.’ என்று எழுதிவிட்டு நகரலாம். இரத்த எண்ணிக்கைத் தாளில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு குறைந்திருப்பதைக் கவனித்தவர், சிறுநீரில் மூன்று-மெத்தில்குளூட்டகோனிக் அமிலத்தைப் பார்க்கச் சொல்வார். பிறகு இரத்தத்தில் கார்டியோலிப்பினின் விகிதம். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நோயின் பெயர் தெரிந்துவிடும். அதன்பின் சிகிச்சையும் வேறாகிறது: அந்தக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட அலட்சியம் கூடாது என்று வீட்டாருக்குத் தெரியும், அடுத்த பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஆலோசனை சொல்ல முடியும்.

குழந்தைகளிடம் இன்னொரு வினோதமும் உண்டு. டெக்சஸில் 36 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2003இல் வெளியான ஆய்வில், ஒன்பது பேரின் இதயம் முதலில் தேறி இயல்புக்கு அருகில் வந்து, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தளர்ந்தது. ஒரு வயதில் நல்ல எக்கோ வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருப்பவர்கள் இந்த ஒன்பது பேரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் திரிகளுக்கென்று தனி மருந்து கிடையாது. தளர்ந்த இதயத்துக்கு மற்ற இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குத் தரும் அதே மாத்திரைகள். சுருங்கும் வலிமை நன்கு குறைந்தவர்களுக்கும், மேலறைத் துடிப்பு தாறுமாறானவர்களுக்கும், ஏற்கெனவே கட்டி உண்டானவர்களுக்கும் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து. ஆபத்தான துடிப்பு வரக்கூடியவர்களுக்குத் தோலுக்கடியில், மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவி. எதுவும் பலிக்காதபோது மாற்று இதயம். திரிகள் மட்டும் இருந்து மற்றவை எல்லாம் இயல்பாக இருப்பவருக்கு மருந்தே வேண்டாம்.

மிச்சமிருப்பது குடும்பம். உண்மையான நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்கச் சொல்கிறார்கள். அவரிடம் நோய்க்குக் காரணமான மரபணுப் பிழை உறுதியாகத் தெரிந்திருந்தால் வேலை சுலபம்: அந்த ஒரு பிழையை மட்டும் உறவினர்களிடம் தேடலாம். பிழை இருக்கிற மகளுக்கு இன்றைய எக்கோ சுத்தமாக இருந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரச் சொல்லிச் சீட்டு எழுதப்படும். பிழை இல்லாத மகனின் இடது கீழறையில் நான்கு திரிகள் கூடுதலாகத் தெரிந்தாலும், இதயம் நன்றாகச் சுருங்கினால், அவனுடைய கோப்பை மூடிவிட்டுக் கிரிக்கெட் ஆட அனுப்பலாம்.